சுக்கான் யார் கையில்?

ஒரு காரியத்தை மனிதனும் செய்யலாம், யந்திரமும் செய்யலாம் என்ற நிலைமை ஏற்பட்டுவிட்டால், அதை யாரிடம் ஒப்புவிப்பது என்ற கேள்வி பெரும்பாலும் லாபநஷ்டக் கணக்காகவே பேசப்பட்டு வருகிறது. யந்திரம் களைப்படையாது, கூலி கேட்காது, கவனம் சிதறாது என்று ஒரு கட்சியார் சொல்லுகிறார்கள். எதிர்பாராதது நேர்ந்தால் யந்திரம் விழிக்கும், மனிதன்தான் வழி கண்டுபிடிப்பான் என்று மற்றொரு கட்சியார் சொல்லுகிறார்கள். இருவர் சொல்லுவதிலும் உண்மையுண்டு. ஆயினும் இருவரும் கேளாமல் விட்டுவிடுகிற கேள்வி ஒன்றிருக்கிறது. அக்காரியம் கெட்டுப்போனால் பதில் சொல்லவேண்டியவன் யார், அவனுக்கு அதன்மேல் எவ்வளவு அதிகாரம் கொடுக்கப்பட்டிருந்தது என்பதே அது.

இக்கேள்வி மற்ற இடங்களைவிட வெளிப்படையாக நிற்கும் இடம், வியாபாரக் கம்பெனிகள் கட்டி, ஒரே கலத்தைப் பலமுறை ஏவிப் பலமுறை இறக்கி, மனிதரை ஏற்றிச்செல்லும் விண்கலங்களேயாகும். சிம்பாங் பூலாய்ப் பக்கத்துத் தோட்டத்தில் செக்ரோல் எழுதிப் பிழைக்கும் ஒரு கிராணிக்கு விண்கலத்தைப்பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று யாராவது கேட்பாரானால், அவர் கேட்பது நியாயமே. நான் படித்தது ஆங்கிலப் பள்ளிக்கூடமேயன்றி விண்ணியல் அன்று. ஆனால் பதில் சொல்லும் பொறுப்பை ஒருவன் தலையில் வைத்துவிட்டு, அதிகாரத்தை வேறிடத்தில் பூட்டிவைக்கும் ஏற்பாடு எப்படிப்பட்டது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்ட விதத்தைப் பின்னால் சொல்லுகிறேன்.

2021ம் வருஷம் ஜூலை மாதத்தில் ஒன்பது நாள் இடைவெளியில் இரண்டு கலங்கள் ஆகாயத்தின் விளிம்புவரை சென்று திரும்பின. 11ந் தேதி அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோவிலிருந்து வர்ஜின் கலாக்டிக் கம்பெனியின் ‘யூனிட்டி’ சென்றது. ஆந்திர தேசத்தில் பிறந்த சிரிஷா பண்ட்லா என்னும் பெண்மணி அதில் பிரயாணம் செய்தார். அக்கலத்தின் முன்னாசனங்களில் இரண்டு விமானிகள் அமர்ந்து, தங்கள் கையாலேயே அதைச் செலுத்தினார்கள். 20ந் தேதி டெக்ஸாஸிலிருந்து ப்ளூ ஆரிஜின் கம்பெனியின் ‘நியூ ஷெப்பர்ட்’ சென்றது. அதில் நால்வர் இருந்தார்கள். ஒருவரும் விமானியாகச் செல்லவில்லை. விமானிக்கென்று ஆசனமுமில்லை, பிடிக்கப் பிடியுமில்லை. எழுவது, பிரிவது, இறங்குவது எல்லாம் யந்திரத்தின் பொறுப்பு.

அந்நால்வரில் ஒருவர் வாலி ஃபங்க் என்னும் 82 வயது மூதாட்டி. விமானம் ஓட்டுவதையும் கற்பிப்பதையுமே தொழிலாகக் கொண்டவர். பெண்கள் விண்வெளிக்குத் தகுந்தவர்கள்தானா என்று அறிவதற்காகத் தனியார் முயற்சியில் நடத்தப்பட்ட வைத்தியப் பரீட்சைகளில் 1961ல் அவர் தேறினார். ஆனால் அக்காலத்தில் அரசாங்கத்தார், ஜெட் விமானங்களைச் சோதித்து ஓட்டும் விமானிகளையே எடுப்போம் என்றார்கள். அந்த வேலையையோ பெண்களுக்குக் கொடுப்பதில்லை. கதவைச் சாத்தியவனே ‘நீ ஏன் உள்ளே வரவில்லை’ என்று கேட்பது போன்ற இந்த நியாயம் நம்மவர்க்குப் புதிதல்ல. அறுபது வருஷம் சுக்கானுக்காகக் காத்திருந்த அந்த அம்மாள், கடைசியில் சுக்கானே இல்லாத கலத்திலேறி, பத்து நிமிஷம் போல் சென்றுவந்தார். மிகுந்த மகிழ்ச்சியோடுதான் இறங்கினார். அவருக்கில்லாத வருத்தம் நமக்கெதற்கு என்று விட்டுவிடலாம். எனக்கென்னவோ விட மனம் வரவில்லை.

ஆயினும் யந்திரத்தின் கட்சியையும் ஒப்புக்கொள்ளவேண்டும். 2022ம் வருஷம் செப்டம்பர் 12ந் தேதி, ஆளில்லாமல் சென்ற நியூ ஷெப்பர்ட் கலமொன்றின் எஞ்சின் நடுவழியில் கெட்டது. உச்சியிலிருந்த கூண்டு தானாகவே பிரிந்து விலகி, பாராசூட்டின் துணையால் பத்திரமாக இறங்கிற்று. ஒரு மனிதர் உள்ளே உட்கார்ந்து, நடப்பதென்ன என்று புரிந்து, பிடியை இழுக்கவேண்டும் என்று ஏற்பாடு இருந்திருந்தால், அத்தனை விரைவாகக் காரியம் நடந்திருக்குமா என்பது சந்தேகமே. அன்றியும், சுக்கான் தங்கள் கையில்தான் இருக்கவேண்டும் என்று விமானிகள் வற்புறுத்துவதில் தொழிற்பெருமையும் கொஞ்சம் கலந்திருக்கிறது. அமெரிக்காவின் முதல் விண்வெளி வீரர் எழுவரும் தங்கள் கூண்டுக்கு ஜன்னலும், கையால் செலுத்தும் வசதியும் வேண்டுமென்று சண்டையிட்டே பெற்றார்கள். பயன் கருதிக் கேட்டதில் பாதி. ‘நாங்கள் சரக்கல்ல’ என்று காட்டிக்கொள்ளக் கேட்டதில் மீதி. தொழிலின்பேரால் வரும் பெருமையும் பிறப்பின்பேரால் வரும் பெருமையைப்போலவே பகுத்தறிவின் முன் நிற்கவேண்டியதுதான். பெருமை என்பதற்காக அதற்குச் சலுகை காட்டவேண்டியதில்லை.

நிற்க. நியூ ஷெப்பர்ட் போன்ற ஏற்பாட்டில் நாணயம் ஒன்றுண்டு. பிரயாணிக்கு அதிகாரமுமில்லை, குற்றமுமில்லை. ஏறும்முன் அவர் ஒரு கையெழுத்துப் போடவேண்டும். இக்கலம் மனிதரை ஏற்றிச்செல்லப் பத்திரமானது என்று அரசாங்கம் சான்றளிக்கவில்லை என்பதைக் கம்பெனி எழுத்து மூலமாக அவருக்குத் தெரிவிக்கவேண்டுமென்றும், தெரிந்தே ஏறுகிறேன் என்று அவர் கையொப்பமிடவேண்டுமென்றும் அமெரிக்கச் சட்டம் கூறுகிறது. அது அவர் தம் உயிருக்காகத் தாமே இடும் கையெழுத்து. அதில் ஏமாற்று இல்லை.

ஏமாற்று எங்கே வருகிறது என்றால், சுக்கான் இருப்பதுபோல் காட்டி அதைப் பூட்டிவைக்கும்போதுதான். 1961ம் வருஷம் ஏப்ரல் 12ந் தேதி யூரி ககாரின் உலகைச் சுற்றி வந்தபொழுது, அவர் கலத்தைக் கையால் செலுத்தும் அமைப்பு பூட்டப்பட்டிருந்தது. கனமற்ற நிலையில் மனிதனுக்குப் புத்தி பேதலித்துவிடுமோ என்று வைத்தியர்கள் பயந்தார்களாம். ஆகவே பூட்டைத் திறக்கும் மூன்று எண்களை ஒரு உறையிலிட்டு ஒட்டி உள்ளே வைத்தார்கள். உறையைப் பிரித்து எண்ணைப் படித்து அழுத்தக்கூடியவனுக்குப் புத்தி சரியாக இருக்கிறது என்று பொருளாம்! 125 என்பதே அந்த எண். கலம் கிளம்புமுன்பே இரண்டொருவர் மனம் கேளாமல் அதை அவர் காதில் சொல்லிவிட்டார்கள். சட்டத்தை மீறிய அந்த இரண்டொருவர்மேல் எனக்கு மிகுந்த மரியாதையுண்டு.

இனி என் சங்கதிக்கு வருகிறேன். சில வருஷங்களுக்கு முன் நான் வேலை செய்த தோட்டத்தில், பிரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டு, விரல் ரேகை பார்க்கும் யந்திரம் ஒன்றை வைத்தார்கள். நல்ல ஏற்பாடென்று அன்று நினைத்தேன். இன்றும் அப்படியே நினைக்கிறேன். மண்டோருக்கு வேண்டியவன் வராமலே பெயர் விழுவதும், வேண்டாதவன் வந்தும் விழாமற்போவதும் அதனால் நின்றன. ஆனால் அத்தோட்டத்தில் அறுபதை நெருங்கிய அம்மாள் ஒருவர் இருந்தார். பால்மரம் இருந்த காலத்தில் வருஷக்கணக்காகப் பால் வெட்டியவர். மரம் போய்ச் செம்பனை வந்தபின் களைமருந்து அடித்தவர். அப்போது உதிர்ந்த பழம் பொறுக்கும் வேலையிலிருந்தார். கத்தியும் மருந்தும் முள்ளும் சேர்ந்து அவருடைய விரல் ரேகைகளைத் தேய்த்துவிட்டிருந்தன. யந்திரம் அவ்விரலைப் பார்த்து, அது விரலே அல்லவென்று சொல்லிற்று. உழைக்காதவன் விரலை உடனே ஒப்புக்கொள்ளும் யந்திரம், உழைத்துத் தேய்ந்த விரலை ஒப்புக்கொள்ளவில்லை.

ஒரு மாதத்தில் நான்கு நாள் அவருக்கு வேலையில்லை என்று விழுந்துவிட்டது. நான்கு நாளும் அவரை நான் களத்தில் கண்ணால் கண்டவன். கம்ப்யூட்டரில் ‘திருத்தம்’ என்று ஒரு கட்டம் இருக்கத்தான் இருந்தது. அதைத் திறக்கும் இரகசிய எண்ணோ தலைமை ஆபீசில் இருந்தது. டெலிபோன் செய்தேன், கடிதமும் எழுதினேன். பதில் வருமுன் மாதக்கடைசி வந்துவிட்டது. சம்பளப் பட்டியலின் அடியில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்ற வரியின்மேல் கையெழுத்திட வேண்டியவன் நான். போட்டேன். போடாவிட்டால் மற்ற எல்லாருக்கும் சம்பளம் தாமதமாகுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டு போட்டேன்.

அந்த அம்மாள் பட்டியலின் நகலைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீசு வாசலில் நின்றார். யந்திரம் ஏற்கவில்லை என்று நான் விளக்கத் தொடங்கினேன். “மெஷின நான் கேக்கலைங்க ஐயா. கீழ இருக்கிற கையெழுத்து யாருதுன்னு மட்டும் சொல்லுங்க” என்றார். என் கையிலிருந்து பணம் கொடுக்க முன்வந்தேன், வாங்க மறுத்துவிட்டார். மூன்று நாள் கூலி இரண்டு மாதங்கழித்து வந்தது. நான்காவது நாளின் கூலி வரவேயில்லை.

முற்காலத்தில் ஒருவனுக்கு அநியாயம் நேர்ந்தால் ‘தலைவிதி’ என்றார்கள். விதியை எழுதியவன் கண்ணுக்குத் தெரியாதவன். ஆகவே அவனைப் போய்க் கேட்க முடியாது. இப்போது ‘சிஸ்டம்’ என்கிறார்கள். பெயர்தான் மாறியிருக்கிறதே தவிர, கேட்க முடியாத இடத்தில் காரணத்தை வைத்துவிடும் சாமர்த்தியம் மாறவில்லை. விதியை எழுதியவனாவது கட்டுக்கதை. யந்திரத்திற்கு விதி எழுதியவன் சம்பளம் வாங்கும் மனிதன். அவனுக்கு மேலே ஒரு மானேஜரும் இருக்கிறார்.

இஃதிப்படியிருக்க, சுக்கானைக் கொடுத்துவிட்டாலே நியாயம் பிறந்துவிடுமா என்றால் அதுவுமில்லை. 2014ம் வருஷம் அக்டோபர் 31ந் தேதி கலிபோர்னியாவின் மொஹாவி பாலைவனத்திற்கு மேலே, யூனிட்டிக்கு முன்னோடியான ‘எண்டர்பிரைஸ்’ என்ற கலம் சோதனை ஓட்டத்தில் சிதறிற்று. அதைக் கட்டியது ஸ்கேல்டு காம்போசிட்ஸ் என்ற கம்பெனி. அக்கலம் வானிலிருந்து திரும்பும்பொழுது இறகுப்பந்தைப்போல் மெதுவாக விழவேண்டும் என்பதற்காக, வால்பாகத்தை மேல்நோக்கி மடக்கும் அமைப்பு உண்டு. அதன் பூட்டை, கலம் ஒலியின் வேகத்தைப்போல் 1.4 மடங்கு வேகத்தை எட்டியபின் கையால் திறக்கவேண்டும். துணை விமானி மைக்கேல் ஆல்ஸ்பரி 0.8 அளவிலேயே திறந்துவிட்டார். காற்றின் வேகம் வாலைப் பிய்த்து மடக்க, கலம் உடைந்தது. அவர் இறந்தார், மற்ற விமானி பலத்த காயத்துடன் பிழைத்தார்.

‘விமானியின் தவறு’ என்று இரண்டு வார்த்தை எழுதி முடித்திருக்கலாம். இறந்தவன் மறுத்துப் பேசமாட்டான். ஆனால் விசாரணை நடத்திய அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2015ல் வேறுவிதமாகத் தீர்ப்புக் கூறிற்று. ஒரே ஒரு மனிதத் தவறினால் கலம் முழுவதும் அழியக்கூடும் என்பதைக் கட்டிய கம்பெனி எண்ணிப் பார்த்துத் தடுக்கவில்லை என்பதையே முதற் காரணமாகச் சொல்லிற்று. சில விநாடிகளுக்குள் செய்து முடிக்கவேண்டிய அவசரமும், அவர் அண்மையில் அனுபவித்திராத அதிர்ச்சியும் பாரமும் அவரை அத்தவறுக்குத் தள்ளின என்றும் சொல்லிற்று. ‘அண்மையில் அனுபவித்திராத’ என்ற சொல்லைத் தோழர்கள் கவனிக்கவேண்டும். பழக்கமில்லாத கையில் சுக்கானைக் கொடுப்பது அதிகாரம் கொடுப்பதாகாது. குற்றம் சாட்டுவதற்கு ஒரு கையைத் தயாராக வைத்துக்கொள்வதேயாகும்.

இதற்கும் என் வாழ்விலேயே அத்தாட்சியுண்டு. விரல் ரேகை விவகாரத்திற்குப்பின் திருத்தக் கட்டத்தின் இரகசிய எண்ணை எனக்குக் கொடுத்தார்கள். கொடுத்து ஒரு வருஷம்வரை அதைத் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. வந்த நாளில், பாங்கி மூட அரைமணி இருக்கையில், ஒருவருடைய வரியைத் திருத்தப்போய் அடுத்தவருடைய வரியைச் சுழியாக்கிவிட்டேன். மறுநாளே மெமோ வந்தது. அதில் ‘மனிதத் தவறு’ என்று போட்டிருந்தது. தவறு என்னுடையதுதான், மறுக்கவில்லை. அந்தக் கட்டத்தைத் திறந்து பழக எனக்கு ஒரு நாளாவது கொடுத்ததுண்டா என்று மட்டும் யாரும் கேட்கவில்லை.

யந்திரமும் மனிதனும் ஒருவரையொருவர் விரட்டாமல் வேலை செய்தால் எப்படியிருக்கும் என்பதற்கு போயிங் கம்பெனியின் ‘ஸ்டார்லைனர்’ கலத்தின் கதையைப் பார்க்கலாம். 2019ம் வருஷம் டிசம்பர் 20ந் தேதி அது முதன்முதல் ஆளில்லாமல் சென்றபோது, அதன் கடிகாரம் பதினொரு மணிநேரம் தவறாக இருந்தது. யந்திரம் அந்தத் தவறான மணியை வேதவாக்காக நம்பி, செய்யவேண்டாத நேரத்தில் செய்யவேண்டாததைச் செய்து எரிபொருளைச் செலவழித்தது. விண்நிலையத்தை அடையாமலே திரும்பிற்று. ஆட்கள் உள்ளேயிருந்தால் கையால் சரிப்படுத்தியிருப்பார்கள் என்று நாசா தலைவர் அப்போதே சொன்னார். பிறகு 2024ம் வருஷம் ஜூன் 5ந் தேதி பட்ச் வில்மோரும், குஜராத்திலிருந்து சென்ற தகப்பனாரின் மகளான சுனிதா வில்லியம்ஸும் அதில் சென்றார்கள். மறுநாள் நிலையத்தை நெருங்கும்போது, திசைதிருப்பும் 28 சிறு உந்துகருவிகளில் ஐந்து ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. வில்மோர் சுக்கானைக் கையில் எடுத்துக் கலத்தை நிலைநிறுத்தினார். பிறகு தரையிலிருந்தவர்கள் அவரைக் கையை எடுக்கச் சொல்லி, நின்றுபோன கருவிகளைத் தூரத்திலிருந்தே நிறுத்தி மறுபடி கிளப்பினார்கள். நான்கு உயிர்பெற்றன. கடைசியில் கலத்தை நிலையத்தோடு இணைத்தது யந்திரமே. பிடித்திருக்கவேண்டிய நேரத்தில் பிடித்ததும், விடவேண்டிய நேரத்தில் விட்டதும் ஒரே மனிதருடைய கை. அது பெருமைக்காகப் பிடித்த கையாயிருந்தால் விட்டிருக்காது. பழகாத கையாயிருந்தால் பிடித்திருக்கவும் முடியாது.

அதன்பின் ஒரு கையெழுத்தும் வந்தது. அக்கலத்தில் அவ்விருவரையும் திருப்பியனுப்புவது தகாதென்று அவ்வருஷம் ஆகஸ்டு மாதத்தில் நாசா முடிவுசெய்தது. கலம் செப்டம்பர் 7ந் தேதி ஆளில்லாமலே, யந்திரத்தின் பொறுப்பில், பத்திரமாகத் தரையிறங்கிற்று. ‘பார்த்தீர்களா, அவர்களும் வந்திருக்கலாமே’ என்று சொன்னவர்கள் உண்டு. பத்திரமாக இறங்கியது என்பதால் முடிவு தவறாகிவிடாது. சந்தேகம் இருக்கும்பொழுது கையெழுத்துப் போடமாட்டோம் என்று சொல்லும் அதிகாரம் ஒரு இடத்தில் இருந்தது. அங்கே இருந்தவர்கள் அதைச் செலுத்தினார்கள். நான் என் பட்டியலில் செய்யாமற்போன காரியம் அது.

நம் நாட்டுக்கும் இதில் ஒரு பங்குண்டு. மலேசியாவின் முதல் விண்வெளி வீரரான டாக்டர் ஷேக் முஸாபர் 2007ம் வருஷம் அக்டோபர் 21ந் தேதி ரஷ்யக் கலத்தில் திரும்பியபொழுது, கம்பியொன்று பழுதுபட்டதால் கலம் தானாகவே செங்குத்தான வழிக்கு மாறி விழுந்தது. குறித்த இடத்திற்கு முன்னூறு கிலோமீட்டருக்குமேல் முன்பாகவே இறங்கினார்கள். யாருக்கும் ஆபத்தில்லை. தன் குறையைத் தானே அறிந்து, சொகுசை விட்டு உயிரைப் பிடித்துக்கொண்ட யந்திரத்தைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இந்தியாவின் சுபான்ஷு சுக்லா 2025ம் வருஷம் ஜூன் 25ந் தேதி ஸ்பேஸ் எக்ஸ் கம்பெனியின் ‘டிராகன்’ கலத்தில் விமானி என்ற பெயரோடே சென்றார். அக்கலத்தில் சுக்கான் என்பது கண்ணாடித் திரையில் தோன்றும் பொத்தான். இணைவதும் பிரிவதும் யந்திரம் செய்ய, விமானி பார்த்துக்கொண்டிருப்பார். யந்திரம் தவறினால் கையிலெடுப்பார். இந்தியாவின் ‘ககன்யான்’ கலத்திற்கென்று 2024ல் அறிவிக்கப்பட்ட நால்வரில் சுக்லாவோடு சென்னையில் பிறந்த அஜித் கிருஷ்ணனும் ஒருவர். இறக்கையுள்ள ‘புஷ்பக்’ என்ற கலத்தை, ஹெலிகாப்டரிலிருந்து நாலரைக் கிலோமீட்டர் உயரத்தில் விட்டு, 2024 ஜூன் 23ந் தேதி கர்நாடகத்துச் செள்ளக்கெரேயில் ஆளில்லாமலே ஓடுபாதையில் இறக்கிக் காட்டினார்கள். புராணத்துப் புஷ்பகத்திற்கு ஓட்டுபவன் உண்டா இல்லையா என்று எந்தப் பௌராணிகரும் கவலைப்பட்டதில்லை. நினைத்த இடத்திற்குப் போகும் என்று சொல்லி முடித்துவிட்டார்கள். செய்துபார்ப்பவர்களுக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை.

‘பார்த்துக்கொண்டிருத்தல்’ என்பதை ஒரு வேலையாகக் கொடுக்கும்பொழுதுதான் அதிக ஜாக்கிரதை வேண்டும். பத்துமுறை யந்திரம் சரியாகச் செய்வதைப் பார்த்தவன் பதினோராவது முறை பார்க்கமாட்டான். ஒரே கலம் திரும்பத் திரும்பச் சென்றுவரும்போது இந்த நம்பிக்கை தானாகவே வளரும். முதல்முறை ஆட்களை ஏற்றிய டிராகன் கலம் 2025 ஆகஸ்டில் ஆறாவது முறையாக ஆட்களோடு சென்றது. ஆறாவது முறைக்கும் முதல்முறைக்கு இருந்த அதே பயத்தோடு பழக்கம் கொடுக்கிறார்களா என்று கம்பெனிகளைக் கேட்கவேண்டியது அரசாங்கங்களின் கடமை. யந்திரத்திற்கு மூன்று காப்பு வைப்பவர்கள் மனிதனுடைய பழக்கத்திற்கு ஒரு காப்பாவது வைக்கட்டும். அதற்கு ஆகும் செலவைச் சேர்த்தால் யந்திரம் மலிவு என்ற கணக்கு பொய்யாகுமென்றால், பொய்யாகட்டும்.

அந்த அம்மாள் இப்போது வேலையிலிருந்து விலகி, சிம்பாங் பூலாயில் மகள் வீட்டில் இருக்கிறார். போன மாதம் கடைத்தெருவில் பார்த்தேன். என்ன எழுதிக்கொண்டிருக்கிறீர்கள் என்று அவர் கேட்க, சுனிதா வில்லியம்ஸின் கதையைச் சொன்னேன். எட்டு நாளைக்கென்று போன பெண்மணி 286 நாள் இருந்து, 2025 மார்ச்சு மாதத்தில் வேறு கம்பெனியின் கலத்தில் இறங்கினார் என்றேன்.

“அத்தனை நாளுக்கும் அந்தம்மாவுக்குச் சம்பளம் விழுந்துச்சாங்க ஐயா?” என்று கேட்டார்.

மாதச் சம்பளம் விழுந்தது, மேல்வேலைக்கென்று தனியாக ஒன்றுமில்லை, சில்லறைச் செலவுக்கு நாளொன்றுக்கு ஐந்து டாலர் கொடுத்தார்களாம் என்றேன். அவர் 286 நாளை மாதமாக்கி விரல்விட்டு எண்ணத் தொடங்கினார்.